மூட்டைத் தாக்கும் டி செல்லை எலியில் பிடித்தாகிவிட்டது, அம்மாவுக்கு மட்டும் ஏன் மருந்து இல்லை?

12 அக்டோபர் 2025, இரவு 8.05 | அல்சூர்க்காரி

இந்த வருட மருத்துவ நோபல் செய்தியைப் படித்துக்கொண்டே போனதில், பரிசு வாங்கிய சகாகுச்சி மூட்டுவாத எலி ஒன்றையும் உருவாக்கியவர் என்று தெரிந்தது. சொந்த உடம்பையே தாக்கும் டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களில் ஒரு வகை) எவை என்று அந்த எலியில் கண்டுபிடித்துவிட்டார்களாம். அம்மாவுக்குப் பல வருடமாக முடக்குவாதம். அந்த செல்லை எடுத்துவிட்டால் தீர்ந்தது கதை, கம்பெனிக்காரர்கள் மாத்திரை விற்பதற்காகத்தான் அதைச் செய்யவில்லை என்பது என் கட்சி. பெங்களூரில் எலி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர் ஒருவர் இங்கே எழுதுவாரே, அவர் பதில் சொல்லட்டும்.

12 அக்டோபர், இரவு 11.20 | எலிக்கூண்டு

அந்த ஆள் நான்தான். எந்த எலி என்று முதலில் சொல்லுங்கள். மூட்டுவாத எலி என்று ஒன்று கிடையாது. ஏழெட்டு வகை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் வியாதி வேறு வேறு வழியில் வருகிறது. நாளைக் காலை கூண்டு மாற்றுவது என் முறை. மீதி அப்புறம்.

13 அக்டோபர், இரவு 9.40 | எலிக்கூண்டு

நீங்கள் படித்தது எஸ்கேஜி எலியாகத்தான் இருக்கும். நோபல் அதற்குக் கிடைக்கவில்லை. எதிர்ப்பு அணுக்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்காக மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் சேர்த்துக் கொடுத்தார்கள். எஸ்கேஜி 2003இல் வெளியான சங்கதி. ஆய்வகத்தில் வளர்ந்த பால்ப்/சி வகைச் சுண்டெலிகளில் தானாகத் தோன்றிய திரிபு அது. ஸாப்-70 என்கிற புரதத்தின் 163ஆவது இடத்தில் ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டீன். வித்தியாசம் அவ்வளவுதான்.

டி செல்லின் மேலே இருக்கும் ஏற்பி எதையாவது பிடித்தால் அந்தச் செய்தியை உள்ளே கடத்துவது ஸாப்-70. அது கெட்டால் எதிர்ப்பு சக்தியே படுத்துவிட வேண்டும். மனிதக் குழந்தைகளில் அது அறவே இல்லாமல் போனால் அப்படித்தான் ஆகிறது, தொற்றுக்கு மேல் தொற்று வரும். எஸ்கேஜியில் புரதம் இருக்கிறது, ஆனால் வலுவில்லை. அந்த எலிக்கு மூட்டுவாதம் வருகிறது! முதலில் படித்தபோது எனக்கு இது தலைகீழாகத் தோன்றியது.

காரணம் தைமஸ். டி செல்கள் தேர்வாகும் சுரப்பி. சொந்தப் புரதத்தைக் கெட்டியாகப் பிடிக்கும் செல் அங்கேயே சாகவேண்டும். ஓரளவு பிடிப்பது பிழைக்கும். எதையுமே பிடிக்காதது கேட்பாரற்றுச் சாகும். பிடி எவ்வளவு கெட்டி என்பது செல்லுக்குள் வரும் சமிக்ஞையின் பலத்தை வைத்துத்தான் முடிவாகிறது. காது மந்தமான வாத்தியாரிடம் கத்திப் பேசுகிற பையன்தான் ஒழுங்காகப் பேசுகிறவன் என்று பெயர் வாங்குவான். எஸ்கேஜியில் நடப்பது அதுதான்: சாகவேண்டியவை தேர்வாகிவிடுகின்றன, சாதாரண எலியில் தேர்வாகியிருக்கக்கூடியவை செத்துப்போகின்றன. டி செல் கூட்டமே மொத்தமாகச் சொந்த உடம்பின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

ஆக எஸ்கேஜியில் 'அந்த செல்' என்று தனியாக ஒன்றைக் காட்ட முடியாது. நீங்கள் எடுக்கச் சொல்வது எதை?

14 அக்டோபர், காலை 8.50 | எலிக்கூண்டு

ஹெப்பால் மேம்பாலத்தில் பஸ் நகரவில்லை, அதனால் இது.

எஸ்கேஜி எலிகளைச் சுத்தமான கூண்டில் வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. சகாகுச்சி குழுவே 2005இல் காட்டியது: பூஞ்சையின் செல் சுவரில் இருக்கும் பீட்டா குளுக்கான், அல்லது ஈஸ்டிலிருந்து எடுக்கும் ஸைமோசான் உள்ளே போனால் வியாதி கிளம்பும். டி செல் கோணலாகப் பிறப்பது ஒன்று, அது மூட்டுக்குப் போய் வேலையைக் காட்டுவது வேறொன்று.

எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) எலிகளைப் பழைய கட்டடத்திலிருந்து பளபளவென்ற புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். காற்று வடிகட்டி, ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கிய தீவனம், எல்லாம் முதல் தரம். அங்கே போனதும் எலிகளுக்கு வியாதி வருவது நின்றுவிட்டது. ஆராய்ச்சி மாணவி அழாத குறை. 'எலி ஆரோக்கியமாக இருக்கிறது, அதான் பிரச்சினை' என்று அவர் கைடுக்கு எழுதிய மெயில் எங்கள் வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம்.

14 அக்டோபர், இரவு 10.05 | எலிக்கூண்டு

'அப்படியென்றால் சுத்தமாக இருந்தால் மூட்டுவாதம் வராதா' என்று மூன்றாவது ஆள் கேட்டிருக்கிறார். எஸ்கேஜி எலியாகப் பிறந்திருந்தால் அதைப் பேசலாம்.

18 அக்டோபர், பிற்பகல் 3.30 | எலிக்கூண்டு

சனிக்கிழமை. கொலாஜன் எலியைப் பற்றி எழுத நேரம் கிடைத்தது. என் கை அதிகம் பழகியது இதில்தான்.

1977இல் டிரென்தம் குழு எலிகளுக்கு இரண்டாம் வகை கொலாஜனை ஊசி போட்டது. மூட்டுக் குருத்தெலும்பில் இருக்கும் கொலாஜன் அது. எலிகளின் கால் வீங்கியது. 1980இல் சுண்டெலியிலும் அதைச் செய்து காட்டினார்கள். எந்தச் சுண்டெலியானாலும் வராது. டிபிஏ/1 வகைக்கு நன்றாக வரும், ஏனென்றால் அதன் எம்ஹெச்சி க்யூ வகை. டி செல்லுக்குப் புரதத் துண்டை எடுத்துக்காட்டும் மூலக்கூறு எம்ஹெச்சி. மனிதரில் முடக்குவாதத்தோடு ஒட்டிவரும் ஹெச்எல்ஏ-டிஆர்4 உம் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மரபணுப் பங்கில் எலிக்கும் மனிதருக்கும் உண்மையிலேயே ஒத்துப்போகும் இடம் எது என்றால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

செய்முறை பார்த்தால் சாதாரணமாக இருக்கும். மாட்டு கொலாஜன் அல்லது கோழி கொலாஜனை எடுத்து, செத்த காசநோய்க் கிருமி கலந்த எண்ணெயோடு (கம்ப்ளீட் ஃப்ராய்ன்ட் அட்ஜுவன்ட்) கடைந்து வால் அடியில் ஊசி. 21ஆம் நாள் இன்னொன்று. அப்புறம் ஒவ்வொரு காலுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், நாலு காலுக்கும் சேர்த்து உச்சம் 16. கடைசல் சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட வேண்டும். கலையாமல் மிதந்தால் சரி, பரவினால் திரும்பக் கடை. அந்த ஊசி தவறிக் கையில் குத்தினால் கட்டி வந்து ரொம்ப நாள் ஆறாது, அதனால் புது மாணவர்களிடம் முதல் நாளே ஊசியைக் கொடுக்க மாட்டோம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. டிபிஏ/1 ஆண் எலிகள் சண்டைக்காரர்கள். ஒரே கூண்டில் வைத்தால் கடித்துக்கொள்ளும், கடிபட்ட கால் வீங்கும், நீங்கள் அதற்கும் 2 மதிப்பெண் போட்டுவிடுவீர்கள். அது போதாதென்று, சேர்த்து வளர்த்த வயதான டிபிஏ/1 ஆண்களுக்கு ஊசியே இல்லாமல் மூட்டு வீக்கம் வரும் என்று ஹோம்டால் குழு 1992இலேயே எழுதிவிட்டது. மதிப்பெண் போடுகிறவருக்கு எது மருந்து கொடுத்த கூண்டு என்று தெரியக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதெல்லாம் காரணம். ஒரு கட்டுரையில் 'மறைத்து மதிப்பிடப்பட்டது' என்ற வரி இல்லாவிட்டால் அதற்கு மேல் நான் படிப்பதில்லை.

இப்போது சொந்த உடம்பைத் தாக்கும் செல் விஷயம். இந்த எலியில் டி செல்லுக்கு நாம் காட்டியது மாட்டின் கொலாஜன். டி செல்கள் முக்கியமாகப் பிடிப்பது அந்தக் கொலாஜனில் 260ஆவது இடத்தின் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் துண்டை. அதில் 266ஆவது இடத்தில் மாட்டுக்கும் மனிதருக்கும் குளூட்டமிக் அமிலம், சுண்டெலிக்கு ஆஸ்பார்ட்டிக் அமிலம். இந்த ஒரு வித்தியாசத்தால் அந்த டி செல்கள் எலியின் சொந்தக் கொலாஜனைப் பலமாகப் பிடிப்பதில்லை. அந்த ஓர் இடத்தை மாட்டைப் போல மாற்றிய எலியை ஹோம்டால் குழு உருவாக்கியது. அதற்கு ஊசி போட்டால் வியாதி குறைவாகத்தான் வந்தது, ஏனென்றால் இப்போது அந்தத் துண்டு எலிக்குச் சொந்தமாகிவிட்டது, டி செல்கள் அடங்கிவிட்டன. முழுக்க அடங்கவில்லை, சில எலிகளுக்கு வரத்தான் செய்தது.

பெயர் பெற்ற கொலாஜன் எலியில் டி செல் பெரும்பாலும் அந்நியப் புரதத்தைப் பார்த்து எழுகிறது. அது பி செல்லுக்கு உதவி செய்கிறது, பி செல் கொலாஜனுக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கிறது, அந்த ஆன்டிபாடி எலியின் சொந்தக் குருத்தெலும்பில் போய் ஒட்டுகிறது. சொந்தம், அந்நியம் என்ற எல்லை நடுவழியில் எங்கேயோ தாண்டப்படுகிறது.

20 அக்டோபர், காலை 6.15 | எலிக்கூண்டு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எலிகளுக்குத் தண்ணீர் பாட்டில் மாற்றக் கிளம்புகிறேன். அவற்றுக்கு லீவு கிடையாது. பட்டாசுச் சத்தம் எலிகளைக் கலவரப்படுத்தும், அதனால் இந்த வாரம் மதிப்பெண் போடுவதில்லை. கேள்விகளை எழுதிப் போடுங்கள், வந்து பார்க்கிறேன்.

22 அக்டோபர், இரவு 9.15 | எலிக்கூண்டு

கே/பிஎக்ஸ்என். இந்த எலி தற்செயலாகப் பிறந்தது.

ஸ்ட்ராஸ்பர்கில் பெனுவாவும் மாத்திஸும் மாட்டுக் கணையத்தின் ரைபோநியூக்ளியேஸ் என்ற என்சைமைப் பிடிக்கும் டி செல் ஏற்பியை ஓர் எலியில் வைத்திருந்தார்கள். மூட்டுவாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைச் சர்க்கரை நோய் வரும் என்ஓடி எலியோடு இணைத்தபோது குட்டிகள் எல்லாம் நொண்ட ஆரம்பித்தன. 1996இல் வெளியிட்டார்கள். அந்த டி செல் எலியின் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று தேடி 1999இல் விடை வந்தது: குளூகோஸ்-6-பாஸ்ஃபேட் ஐசோமெரேஸ். சர்க்கரையை உடைக்க உடம்பின் எல்லா செல்லிலும் இருக்கிற சாதாரண என்சைம்.

எல்லா இடத்திலும் இருக்கிற புரதத்தைத் தாக்கும்போது மூட்டு மட்டும் ஏன் வீங்குகிறது? குருத்தெலும்பின் மேற்பரப்பில் அந்த என்சைம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆன்டிபாடி வந்து அதன்மேல் படிகிறது, அங்கே காம்ப்ளிமென்ட்டை (ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைத் தாக்கும் ரத்தப் புரதங்கள்) தடுத்து நிறுத்தும் புரதங்கள் குறைவு என்பது அவர்கள் சொன்ன விளக்கம். எனக்கு அது பாதி திருப்திதான்.

அல்சூர்க்காரி கவனிக்க வேண்டியது அடுத்தது. நொண்டும் எலியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிநீர்) எடுத்து நல்ல எலிக்கு ஏற்றினால் சில நாளிலேயே அதன் கால் வீங்கிவிடும். டி செல், பி செல் எதுவுமே இல்லாத எலிக்கு ஏற்றினாலும் வீங்கும். வியாதியைத் தொடங்கிவைத்தது சொந்த உடம்பைப் பிடிக்கும் டி செல். ஆன்டிபாடி தயாரானதற்கு அப்புறம் டி செல் இருந்தாலும் ஒன்று, போனாலும் ஒன்று. மிச்ச வேலையை நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு, காம்ப்ளிமென்ட், வீக்கத்தைத் தூண்டும் ஐஎல்-1 புரதம் எல்லாம் பார்த்துக்கொள்ளும்.

வியாதி வர மாஸ்ட் செல்லும் (ஒவ்வாமையில் வேலை செய்யும் அணு) வேண்டும் என்று 2002இல் பெரிய பத்திரிகையில் வந்தது. அந்த எலிகளுக்கு மாஸ்ட் செல் மட்டுமா இல்லை, கிட் மரபணு கெட்டதால் வேறு குறைகளும் இருந்தன. மாஸ்ட் செல் மட்டும் இல்லாத எலியை 2011இல் செய்து பார்த்தபோது கால் நன்றாகவே வீங்கியது. மாஸ்ட் செல்லை நம்பிப் பிஎச்டி தொடங்கிய சிலரை எனக்குத் தெரியும், பாவம்.

சீரம் சேகரிப்பது எங்கள் வேலைகளில் ரொம்பப் பொறுமை கேட்பது. பல எலிகளின் சீரத்தை ஒன்றாகக் கலந்து மைனஸ் 80 ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கலவைக்கும் வீரியம் வேறு. முழு சோதனைக்கும் ஒரே கலவை போதுமா என்று கணக்குப் பார்த்துத்தான் தொடங்குவோம். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று நடுராத்திரியில் வாட்ச்மேனுக்குப் போன் போடுகிற வழக்கம் எனக்கு இங்கேதான் வந்தது.

23 அக்டோபர், காலை 8.40 | எலிக்கூண்டு

குடல் கிருமியைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், 'தயிர் சாப்பிட்டால் போதுமா' என்றும் சேர்த்து. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த கே/பிஎக்ஸ்என் எலிகளுக்கு வியாதி வெகுவாகக் குறைகிறது. இழை வடிவக் குடல் பாக்டீரியா ஒரே ஒரு வகையைக் கொடுத்தால் திரும்ப வருகிறது, வீக்கத்தைத் தூண்டும் டி செல் வகையான டிஹெச்17 செல்கள் கூடுகின்றன. 2010இல் வந்த ஆய்வு. மனிதரில் புதிதாக முடக்குவாதம் வந்தவர்களின் குடலில் ப்ரெவொடெல்லா கோப்ரி அதிகம் இருந்ததை 2013இல் நியூயார்க்கில் பார்த்தார்கள். காரணமா விளைவா என்ற சண்டை இன்னும் நடக்கிறது. தயிர்சாதத்துக்கும் இதற்கும் நான் முடிச்சுப் போட மாட்டேன். எனக்குத் தயிர்சாதம் பிடிக்கும், அது தனி விஷயம்.

26 அக்டோபர், மாலை 5.10 | எலிக்கூண்டு

முதல் கேள்விக்கே வருகிறேன். சொந்த உடம்பைப் பிடிக்கும் டி செல்லை மற்றவற்றிலிருந்து பிரித்தெடுக்க முடியுமா?

முடியும் என்று காட்டியது சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜூடித் ஆஷோரி, ஆர்தர் வைஸ் குழு, 2019இல். அவர்கள் பயன்படுத்திய தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. டி செல் ஏற்பி எதையாவது பிடித்தால் நூர்77 என்ற மரபணு உடனே விழிக்கும். வீக்கத்தில் சுற்றித் திரியும் சைட்டோகைன் என்ற தூதுப் புரதங்களுக்கெல்லாம் அது அவ்வளவாக அசையாது. அந்த மரபணுவோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்துவிட்டால், சமீபத்தில் எந்த செல் எதையோ பிடித்தது என்று பச்சை நிறத்தை வைத்தே சொல்லலாம். எஸ்கேஜி எலியில் இதைச் செய்தார்கள். கால் வீங்குவதற்கு முன்பே, இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத சிடி4 டி செல்களில் (மற்ற எதிர்ப்பு அணுக்களுக்கு உதவும் வகை) அதிகம் ஒளிர்பவை ஒரு கூட்டம், மங்கலானவை ஒரு கூட்டம் என்று பிரித்து, டி செல் இல்லாத எலிகளுக்கு ஏற்றினார்கள். பளிச்சென்று ஒளிர்ந்த கூட்டம் வாங்கிய எலிகளுக்கு மூட்டுவாதம் கடுமையாக வந்தது.

வெளியே எடுத்துத் தூண்டினால் அதே செல்கள் சோம்பேறிகள், ஏற்பி வழியாக வரும் சமிக்ஞைக்கு மந்தமாகத்தான் அசைகின்றன. ஐஎல்-6 என்ற தூதுப் புரதத்துக்கு மட்டும் மற்ற செல்களைவிட அதிகமாகத் துள்ளுகின்றன, அந்தச் சமிக்ஞைக்கு பிரேக் போடும் சாக்ஸ்3 குறைவாக இருப்பதால். ஐஎல்-6 இல்லாத எஸ்கேஜி எலிக்கு மூட்டுவாதம் வராது என்பது முன்பே தெரியும். மனித முடக்குவாதத்திலும் ஐஎல்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் வேலை செய்கிறது. அந்த மருந்து பிறந்தது ஒசாகாவில் கிஷிமோட்டோவின் ஐஎல்-6 ஆராய்ச்சியிலிருந்து, எஸ்கேஜியிலிருந்து இல்லை. இரண்டு வழியும் ஒரே இடத்தில் போய்ச் சேருவது எனக்கு நம்பிக்கை தருகிறது.

27 அக்டோபர், இரவு 11.45 | எலிக்கூண்டு

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு 'அப்ப அந்தப் பச்சை செல்லை எடுத்துவிடலாமே' என்று அல்சூர்க்காரி துள்ளுகிறார்.

முதல் தடை: மனிதருக்குள் பச்சை ஒளி கிடையாது. மூட்டுத் திரவத்தை எடுத்து அதில் நூர்77 அதிகமுள்ள டி செல்களைப் பார்க்கலாம், பார்த்தும் இருக்கிறார்கள். அதெல்லாம் வியாதி முற்றிய பிறகு.

இரண்டாவது தடை பெரியது. சாதாரண, ஆரோக்கியமான எலியிலும் சொந்தப் புரதத்தைக் கொஞ்சம் கெட்டியாகப் பிடிக்கும் டி செல்கள் இருக்கின்றன, சிடி5 என்ற அடையாளத்தை வைத்து அவற்றைப் பிரிக்கலாம். கிருமி வந்தால் முன்னால் நின்று சண்டை போடுவதில் இவை பெரும்பாலும் மற்றவற்றைவிடத் திறமைசாலிகள் என்று 2013 சுமாருக்கு வந்த ஆய்வுகள் காட்டின. சொந்தத்தைக் கொஞ்சம் பிடிப்பவை எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் நாளைக்கு நிமோனியா வந்தால் யார் போவது? 'தாக்கும் செல்', 'காக்கும் செல்' என்று இரண்டு சாதி கிடையாது. பிடியின் அளவில்தான் வித்தியாசம், கோடு எங்கே போடுவது என்பதுதான் தகராறு.

அடக்கிவைக்கும் செல்லே கட்சி மாறுவதும் உண்டு. டோக்கியோவில் தகயனாகி குழு 2014இல் கொலாஜன் எலியில் காட்டியது: ஃபாக்ஸ்பி3 என்ற அடையாளப் புரதத்தை வைத்திருந்த ஒழுங்குபடுத்தும் செல்களில் சில, மூட்டுக்குள் போய் அதை இழந்து டிஹெச்17 ஆக மாறுகின்றன. எலும்பைக் கரைக்கத் தூண்டுவதில் சாதாரண டிஹெச்17ஐ விட மோசம். சகாகுச்சியின் செல்லைக் கொண்டு சகாகுச்சியின் எலியைக் குணப்படுத்திவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

1 நவம்பர், காலை 11.00 | எலிக்கூண்டு

ராஜ்யோத்சவ விடுமுறை. தெருவெல்லாம் மஞ்சள் சிவப்புக் கொடி, எங்கேயோ ஆர்கெஸ்ட்ரா. கம்பெனிச் சதி பற்றி எழுத இன்றுதான் முடிந்தது.

டி செல்லை எடுத்துப் பார்க்காமல் இல்லை. கொலாஜன் எலியில் சிடி4 டி செல்லை ஆன்டிபாடியால் அகற்றினால் வியாதி வருவதில்லை என்று 1980களிலேயே தெரிந்தது. 1990களில் முடக்குவாத நோயாளிகளுக்கும் அதே மாதிரி சிடி4 ஆன்டிபாடி கொடுத்தார்கள். ரத்தத்தில் டி செல் எண்ணிக்கை சரிந்தது, மூட்டு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. செலவழித்தது கம்பெனிகள்தான். பலித்திருந்தால் விற்றுப் பணம் பார்த்திருப்பார்கள். மறைத்துவைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஏன் பலிக்கவில்லை? எலிக்குக் கொடுத்தது எப்போது என்று பாருங்கள். கொலாஜன் ஊசி போடும் சமயத்தில், அல்லது அதற்கும் முன்னால். கால் வீங்கிய பிறகு கொடுத்தால் எலியிலேயே பெரிய பலன் இல்லை. உங்கள் அம்மா போன்றவர்களுக்கு வியாதி பல வருடம் பழையது. மூட்டுச் சவ்வைக் கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களே குணம் மாறி, மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்களோடு சேர்ந்து வியாதியைத் தனியாக நடத்துகின்றன.

டி செல்லே வேண்டாம் என்று காட்டும் எலியும் இருக்கிறது. கோலியாஸ் குழு 1991இல் வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தின் மனித மரபணுவை வைத்த எலி, அதற்கு மூட்டுவாதம் தானாக வரும். டி செல், பி செல் இல்லாத எலியில் அதை வைத்தாலும் வரும். டிஎன்எஃப் தடுப்பு மருந்துக்கு அடித்தளம் போட்டதில் எலிக்குப் பெரிய பங்கு உண்டு: ஃபெல்ட்மன், மைனி குழு கொலாஜன் எலியில் டிஎன்எஃப்-ஐத் தடுத்து 1992இல் வெளியிட்டது, அதே வருடம் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இதில் ஒரு நுணுக்கம், எலிக்கு அதைக் கால் வீங்கிய பிறகும் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால்தான் மனிதரிலும் பலித்தது என்று நான் நினைக்கிறேன். என் ஊகம்தான், ஆனால் கெட்டியான ஊகம்.

எலியில் பலித்து மனிதரில் சப்பென்று போனவற்றில் எனக்கு வருத்தம் தருவது வாய்வழிக் கொலாஜன். 1993இல் டிரென்தமே கோழிக் கொலாஜனை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்து நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டார். பின்னால் வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தூக்கி நிறுத்தவில்லை. டிஹெச்17 செல்கள் சுரக்கும் ஐஎல்-17ஐத் தடுப்பது இன்னொன்று: கொலாஜன் எலியில் அமர்க்களம், முடக்குவாதத்தில் சுமார், சோரியாசிஸ் மூட்டுவாதத்தில் பிரமாதம். வேறொரு வியாதிக்கான எலியை இத்தனை நாள் வைத்திருந்தோமோ என்றுகூடத் தோன்றும்.

2 நவம்பர், இரவு 8.30 | எலிக்கூண்டு

அம்மாவுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுக்கிறார்கள், அதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, ஆனால் இதற்கு யோசிக்கத் தேவையில்லை: நிறுத்தாதீர்கள். அவருடைய மருத்துவரிடம் பேசாமல் எதையும் மாற்ற வேண்டாம். இன்னொன்று, அந்த மாத்திரை முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் மாத்திரை எடுத்துக்கொடுக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், முக்கியமாகப் புதிதாக வந்த உதவிக்காரருக்கு. கூட ஃபோலிக் அமிலம் எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதையும் விடக்கூடாது.

8 நவம்பர், மாலை 4.20 | எலிக்கூண்டு

சிக்குன்குன்யா வந்து மாதக்கணக்கில் கைவிரல் மடங்காமல் தவித்த ஒருவர் இதற்குள் வந்திருக்கிறார். இந்த இழைக்குச் சம்பந்தம் இல்லை என்று ஒதுக்க முடியாது. சுண்டெலியின் பாதத்தில் அந்த வைரஸை ஊசி போட்டால் வீங்கும். சிடி4 டி செல் இல்லாத எலியில் வீக்கம் வெகுவாகக் குறைகிறது, வைரஸ் மட்டும் குறையவில்லை. சிங்கப்பூர் குழு 2013இல் காட்டியது. வீக்கத்துக்குப் பெரும் பங்கு டி செல்லினுடையது. இங்கே டி செல் துரத்துவது வைரஸை, சொந்த உடம்பை இல்லை, ஆனால் அடி மூட்டுக்கு விழுகிறது. கொலாஜன் எலியில் நடந்ததோடு வைத்துப் பாருங்கள், கொஞ்சம் ஒரே ஜாடை.

ரத்தப் பரிசோதனையில் வித்தியாசம் தெரியும். முடக்குவாதக்காரர்கள் பலருக்கு வரும் சிசிபி ஆன்டிபாடி, சிக்குன்குன்யா மூட்டுவலிக்காரர்களுக்குப் பெரும்பாலும் வருவதில்லை.

9 நவம்பர், காலை 9.05 | எலிக்கூண்டு

'காசநோய்க் கிருமி ஊசியில் எலிக்கு மூட்டுவாதம் வருகிறதே, குழந்தைக்கு பிசிஜி போடலாமா?' தாராளமாகப் போடுங்கள். பியர்சன் 1956இல் செய்தது செத்த கிருமியை எண்ணெயில் கலந்து எலிக்குக் கொடுத்தது, அதிலும் லூயிஸ் வகை எலிக்குத்தான் நன்றாக வரும். அந்த எலியிலிருந்து இரூன் கோஹன் குழு பிரித்த ஒரு டி செல் குலம், கிருமியின் ஹெச்எஸ்பி65 புரதத்தில் 180 முதல் 188 வரையுள்ள துண்டைப் பிடித்தது, குருத்தெலும்பையும் பிடிப்பதுபோல நடந்துகொண்டது. அழகான கதை. பிறந்த குழந்தையின் தோளில் போடும் பிசிஜிக்கும் அதற்கும் அளவிலும் விதத்திலும் ரொம்ப தூரம்.

15 நவம்பர், இரவு 10.30 | எலிக்கூண்டு

அல்சூர்க்காரி கட்சி மாறிவிட்டார். இப்போது அவர் கேள்வி: 'வீங்குவதற்கு முன்னால் பிடித்தால்தான் பலன் என்றால், மனிதரிலும் முன்னாலேயே பிடிக்க வேண்டியதுதானே?'

அதைத்தான் செய்து பார்த்திருக்கிறார்கள். சிசிபி ஆன்டிபாடி சிலருக்கு மூட்டு வீங்குவதற்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் இருக்கும். ரத்த தானம் செய்தவர்களின் பழைய மாதிரிகளைத் திரும்பப் பார்த்ததில் தெரிந்தது. அப்படி ஆன்டிபாடியும் மூட்டுவலியும் உள்ள, இன்னும் வீக்கம் வராதவர்களுக்கு அபட்டாசெப்ட் என்ற மருந்து கொடுத்த இரண்டு ஆய்வுகள் 2024இல் லான்செட்டில் வந்தன. அபட்டாசெப்ட் டி செல்லைக் கொல்வதில்லை, அது விழித்தெழத் தேவையான இரண்டாவது சமிக்ஞையைத் தடுக்கிறது. மருந்து எடுத்தவர்களில் முடக்குவாதமாக மாறியவர்கள் குறைவு. மருந்தை நிறுத்திய பிறகு அந்த வித்தியாசம் மெல்ல மெல்லச் சுருங்கியது. தள்ளிப்போட முடிகிறது, அழிக்க முடியவில்லை. எஸ்கேஜி எலியைக் கூண்டோடு சுத்தமாக வைத்திருந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது: டி செல் கூட்டம் அப்படியே இருக்கிறது, தூண்டுதல்தான் இல்லை.

'அப்ப நான் சிசிபி பார்த்துக்கொள்ளட்டுமா' என்று கடைசியாகக் கேட்டதற்கு: வலி இல்லாதவர்கள் எல்லாரும் பார்ப்பது வழக்கத்தில் இல்லை. பாசிட்டிவ் வந்தாலும் வியாதி வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, கவலை மட்டும் நிச்சயம். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் அரை மணி, ஒரு மணி நேரம் இறுக்கமாக இருந்தால், அல்லது விரல் மூட்டு வீங்கினால், தள்ளிப்போடாமல் மூட்டுவாத நிபுணரான ருமட்டாலஜிஸ்ட்டிடம் போங்கள், அம்மாவுக்கு இருப்பதையும் சொல்லுங்கள். புகைபிடிக்கிறவர் யாராவது வீட்டில் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், சிசிபி பாசிட்டிவ் முடக்குவாதத்துக்கு அது உறுதிப்பட்ட அபாயக் காரணி.

ஹெச்எல்ஏ-டிஆர்4ஐ வைத்த மனிதமயமாக்கிய எலிகளைப் பற்றிக் கேட்டவர் புதிய இழை தொடங்கட்டும். இதில் ஏற்கெனவே தயிர்சாதம் வரை போயாகிவிட்டது.